51% பங்கு இருந்தும் போர்டில் தோற்கிறார்: என்ன வழி?

கொங்குநூல்:
பிரைவேட் லிமிடெட் கம்பெனி. பங்குதாரர்கள் மூன்று பேர்: 51%, 25%, 24%. மூவருமே டைரக்டர்கள். போர்டு மீட்டிங்கில் சிறிய பங்குக்காரர்கள் இருவரும் சேர்ந்துகொண்டு 51% காரர் சொல்வதையெல்லாம் 2-1 என்று தள்ளிவிடுகிறார்கள். ஒருவரையாவது நீக்க முடியுமா?

பேரேடு:
முடியும். போர்டில் தலைக்கு ஒரு ஓட்டு. பங்குக்கு மரியாதை பொதுக்கூட்டத்தில்தான். டைரக்டரை நீக்க (2013 கம்பெனிகள் சட்டம், பிரிவு 169) சாதாரணத் தீர்மானம் (பாதிக்கு மேல் ஓட்டு) போதும், 51% தாராளம். சறுக்குவது நடைமுறையில். நீக்கத் தீர்மானம் கொண்டுவரப்போகிறேன் என்ற சிறப்பு அறிவிப்பு கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும். பொதுக்கூட்டம் போடாமல் போர்டு இழுத்தடிக்கும். அதனால் பிரிவு 100-ன்படி கூட்டம் கூட்டச் சொல்லி எழுத்தில் கோருங்கள், அதற்கு 10% பங்கு போதும். 21 நாளுக்குள் போர்டு அழைப்பு அனுப்ப வேண்டும். கூட்டம் கோரிக்கை கிடைத்த 45 நாளைத் தாண்டக் கூடாது. அசையவில்லையா, கோரியவரே கோரிக்கை தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் கூட்டலாம். நீக்கப்படுபவரைப் பேச விடுங்கள். அங்கே தவறினால் தீர்மானம் நிற்காது.

வவுச்சர்:
பொதுக்கூட்டத்திலும் கை தூக்கி எண்ணினால் 1-2, மறுபடியும் தோல்விதான். முடிவு அறிவிக்கும் முன்போ அறிவித்த உடனேயோ 'போல்' (poll) வாக்கெடுப்பு கேட்டுவிட வேண்டும் (பிரிவு 109). அப்போதுதான் பங்குக்கு ஓட்டு. பிரைவேட் கம்பெனி என்பதால் ஆர்ட்டிகிள்ஸில் (கம்பெனியின் உள்விதிகள்) வேறு விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு வம்பு 'கோரம்' (quorum), அதாவது கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை. குறைந்தது இரண்டு உறுப்பினர் நேரில் இருக்க வேண்டும். மற்ற இருவரும் வராமலே இருந்துவிட்டால் அரை மணி நேரத்தில், பங்குதாரரே கோரிக் கூட்டிய கூட்டம் ரத்து. அப்புறம் பிரிவு 98-ன்படி என்.சி.எல்.டி.யிடம் (தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) போய், ஒருவர் இருந்தாலே கூட்டம் என்று உத்தரவு வாங்கணும்.

கொங்குநூல்:
நீக்கினால் 'அடக்குமுறை' என்று வழக்குப் போட மாட்டார்களா? 51% காரர் ஆர்ட்டிகிள்ஸையே மாற்றிவிட்டால்?

பேரேடு:
போடலாம், பிரிவு 241-க்கு 10% பங்கு போதும். ஆனால் பதவியிலிருந்து நீக்கியது மட்டும் அடக்குமுறை ஆகாது. தலைவரை நீக்கியதை எதிர்த்த டாடா சன்ஸ் வழக்கில் சுமார் 18.4% வைத்திருந்த தரப்பு 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

ஆர்ட்டிகிள்ஸுக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: எதிர் ஓட்டைப்போல் மூன்று மடங்கு ஆதரவு. இருவரும் எதிர்த்தால் 51-க்கு 49, நடக்காது. 24% காரரை மட்டும் இழுத்துவிட்டால் 75-க்கு 25, சரியாக மூன்று மடங்கு, நிறைவேறிவிடும். 25% இருந்தாலே தடுக்கலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அதற்கு மேல் ஒரு பங்காவது வேண்டும்.