மரை தேய்ந்ததா, உரிந்ததா? டைமிங் பெல்ட் கையேட்டுக்குச் சொல் தேடல்

அனுப்புநர்: கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

இஞ்சினில் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் பல் பெல்ட்டான டைமிங் பெல்ட்டைத் தாமே மாற்றிக்கொள்பவர்களுக்கான கையேடு ஒன்று தமிழில் தயாராகிறது. அந்தப் பெல்ட்டைத் தளராமல் இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் போல்ட்டை முறுக்கும்போது அது இறுகாமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது என்று அதில் ஓர் அத்தியாயம். வரைவில் போல்ட்டிலும் துளையிலும் சுற்றிச் சுற்றி ஓடும் வரிகளை (ஆங்கிலத்தில் 'திரெட்') நூலாக்கி, இந்தப் பழுதுக்குத் 'திருகுநூல் தேய்தல்' என்றும், துளைக்குள் வைக்கும் கம்பிச் சுருளுக்குத் 'திருகுநூல் செருகி' என்றும் போட்டிருக்கிறார்கள். 'நூல்' எனக்கு உறுத்துகிறது. 'தேய்தல்' சரிதானா? வேறு சொல் உண்டா?

---

அனுப்புநர்: கடைசல் பட்டறை

> 'நூல்' எனக்கு உறுத்துகிறது

உறுத்தத்தான் வேண்டும். போல்ட்டில் நூல் எங்கே இருக்கிறது? மரை என்று எழுதுங்கள், பட்டறையில் எல்லாருக்கும் புரியும். துளைக்குள் இருப்பது உள்மரை, போல்ட்டில் இருப்பது வெளிமரை.

'தேய்தல்' அதைவிட மோசம், ஏனென்றால் அது படிப்பவரைத் தப்பான வேலைக்கு அனுப்பும். டென்ஷனர் போல்ட் பிடிக்கும் இடம் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. போல்ட்டோ எஃகு. அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினிய மரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயாது, ஒரே நொடியில் வேரோடு அறுந்து வரும். போல்ட்டை வெளியே எடுத்துப் பாருங்கள்: மரைப் பள்ளத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு நாடா, சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். அதுதான் துளையில் இருந்த மரை. துளையை டார்ச் அடித்துப் பார்த்தால் மேலே ஒன்றிரண்டு சுற்றோ அடியில் ஒன்றிரண்டு சுற்றோ மிஞ்சியிருக்கும், நடுவில் வழவழவென்று இருக்கும்.

தேய்ந்தது என்று படிப்பவர் 'இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது' என்றுதான் நினைப்பார். டெஃப்லான் டேப் சுற்றுவார், மரைப்பசை ஊற்றுவார், அல்லது நீளமான போல்ட்டைப் போடுவார். அடியில் அழியாத மரை நிஜமாகவே இருந்தால் நீள போல்ட் உதவும். இல்லையென்றால் போல்ட்டின் முனை துளையின் அடியில் போய் முட்டும். முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்சு 'டிக்' என்று சொல்லிவிடும், டென்ஷனரோ இறுகியிருக்காது. இஞ்சின் ஓடும்போது டென்ஷனர் நகர்ந்து பெல்ட் பற்களைத் தாண்டினால், வால்வும் பிஸ்டனும் மோதக்கூடிய இஞ்சினில் கதை அங்கேயே முடிந்துவிடலாம்.

---

அனுப்புநர்: சொல்லாய்வு

நாடாவாக வருகிறது என்று ஐயா எழுதியதிலேயே சொல் இருக்கிறது: உரிதல். தோல் உரிகிறது, பட்டை உரிகிறது. மேலடுக்கு நாடாவாகக் கழன்று வருவதற்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான வினை இல்லை. 'மரை உரிந்துவிட்டது' என்றால் கேட்பவருக்கு அந்த நாடாவே கண்ணில் தெரியும்.

வேறு சிலவற்றையும் பார்த்தேன். 'மரை கழன்றது' என்று எழுதினால் சிரிப்பார்கள், அது ஆட்களுக்குச் சொல்வது. 'மரை அழிதல்' பொதுவாக இருக்கிறது, துரு பிடித்து அழிந்தாலும் அதுவே. 'மரை வழுக்கல்' விளைவைச் சொல்கிறது, பழுதைச் சொல்லவில்லை.

ஓர் எச்சரிக்கை. பெயர்ச்சொல்லாகச் சுருக்கும்போது 'மரையுரி' என்று நிறுத்திவிடாதீர்கள். மரை என்றால் மானில் ஒரு வகையும்கூட. மரையுரி என்றால் அந்த மானின் தோல். இஞ்சினுக்கு நடுவே யாரோ தவம் செய்ய உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். 'மரையுரிவு' போதும்.

எழுத்துப் பிழை பற்றியும் ஒரு வார்த்தை: பேச்சில் இரண்டும் ஒன்றாகவே ஒலிப்பதால் பலர் 'மறை' என்று எழுதுகிறார்கள். மரையாணியில் இருப்பது இடையின ரகரம்.

---

அனுப்புநர்: கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

மரையுரிவு பிடித்திருக்கிறது. ஆனால் பள்ளிப் பாடநூலில் திருகு அளவிக்குப் 'புரிக்கோல்', 'புரியிடைத் தூரம்' என்று படித்தவர்கள் 'புரி' எங்கே என்று கேட்பார்களே? வலம்புரி, இடம்புரி என்று அழகான சொற்களும் கையில் இருக்கின்றன.

---

அனுப்புநர்: சொல்லாய்வு

புரியிடைத் தூரத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். எம்8 × 1.25 போல்ட்டில் (எம்8 என்றால் 8 மி.மீ. விட்டம்) 1.25 மி.மீ. என்பது அதுதான், அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு இடைத் தூரம். பழகிய சொல், குழப்பம் இல்லை.

வலம்புரியை மட்டும் தொடாதீர்கள். வலம்புரிச் சங்கு என்று நாம் போற்றுவது விலங்கியல் கணக்கில் இடப்பக்கமாகச் சுருண்ட சங்கு. அதன் சுருள் ஓடும் திசையும் வழக்கமான போல்ட்டின் மரை ஓடும் திசையும் எதிரெதிர். சங்கைக் கையில் வைத்திருப்பவர் 'வலம்புரி மரை' என்று படித்துவிட்டு எதிர்ப்பக்கம் முறுக்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது. வலமரை, இடமரை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்.

---

அனுப்புநர்: கடைசல் பட்டறை

சங்கு விஷயம் இப்போதுதான் தெரிகிறது. நல்லது.

மரையுரிவோடு இன்னொரு பழுதையும் பிரித்துக் காட்டுங்கள், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். போல்ட் சாய்ந்து ஏறி, ஒரு மரைக்குப் பதில் அடுத்த மரையை வெட்டிக்கொண்டு போவது. பட்டறையில் 'கிராஸ் திரெட்' என்பார்கள். 'கோணல் மரை' என்று வைக்கலாம். அடையாளம் நேர் எதிர்: உரிந்தால் இறுகாது, கோணலாக ஏறினால் முதல் சுற்றிலிருந்தே இறுகும். தவிர்க்கும் வழி, போல்ட்டைத் துளையில் வைத்து முதலில் இடப்பக்கம் மெல்லச் சுற்றுவது. ஒரு சின்ன 'டக்' கேட்டு போல்ட் கீழே இறங்கும். அங்கிருந்து வலப்பக்கம், கையாலேயே மூன்று நான்கு சுற்று. கையால் ஏறாததற்கு ரெஞ்சு போடக் கூடாது.

மரையுரிவின் காரணங்களையும் அத்தியாயத்தின் தலையிலேயே போடுங்கள். முதலாவது, அலகுக் குழப்பம். 25 நியூட்டன் மீட்டர் என்பதை 25 பவுண்டு அடி என்று படித்தால் 34 நியூட்டன் மீட்டர் ஏறிவிடும், எம்8-க்கு அலுமினியத்தில் அது அதிகம். இரண்டாவது, எண்ணெய். முறுக்குவிசையில் போல்ட்டை இழுக்கச் செலவாவது சுமார் பத்தில் ஒரு பங்குதான், மிச்சமெல்லாம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வுக்குப் போகிறது. உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் பட்ட மரைக்குக் கொடுத்தால் உராய்வு குறைந்து இழுவிசை எகிறும். மூன்றாவது, போல்ட் மாறுவது. பெல்ட்டை மூடும் கவரில் இருக்கும் எம்6 போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. குட்டை போல்ட் நீளத் துளையில் போனால் மூன்று நான்கு சுற்று மரை மட்டுமே மொத்தச் சுமையையும் தாங்கும். ஓர் அட்டையில் கவரின் படத்தை வரைந்து, கழற்றிய போல்ட்டை அந்தந்த இடத்திலேயே குத்தி வைப்பது இதற்குத்தான்.

---

அனுப்புநர்: கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

இரண்டாம் பகுதி, பழுதுநீக்கம். உரிந்த துளைக்குள் புது மரையாக வைக்க, மூலத்தில் மூன்று வகைச் செருகு சொல்கிறார்கள். அடி மூடிய துளையைக் 'குருட்டுத் துளை' என்று வரைவில் எழுதியிருக்கிறார்கள், அதற்கும் வேறு சொல் வேண்டும்.

---

அனுப்புநர்: சொல்லாய்வு

போக வழியில்லாத தெருவை முட்டுச்சந்து என்கிறோம். அடி மூடிய துளை முட்டுத்துளை. மறுபக்கம் திறந்திருப்பது ஊடுதுளை. துளைக்குக் கண் வைத்துக் குருடாக்க வேண்டியதில்லை.

---

அனுப்புநர்: கடைசல் பட்டறை

முட்டுத்துளை, அருமை. எண்ணெயோ, இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டோ தேங்கிய முட்டுத்துளையில் போல்ட்டை இறக்கினால் திரவத்துக்குப் போக இடமில்லாமல் வார்ப்பே வெடிக்கும். 'முட்டு' என்ற சொல் அதையும் நினைவூட்டுகிறது.

செருகுகளுக்கு என் பரிந்துரை:

வைர வடிவக் குறுக்குவெட்டுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சுருட்டிச் செய்தது, ஹெலிகாயில் என்ற வணிகப் பெயரில் எல்லாரும் அறிந்தது: மரைச்சுருள்.
உள்ளும் புறமும் மரை வெட்டிய, மேலே விளிம்புள்ள எஃகுக் குழல்: மரைக்குழல்.
குழலோடு நான்கு சிறு ஆப்புகளைத் தட்டி இறக்கிப் பூட்டுவது: ஆப்பு மரைக்குழல். இதற்குத் துளை நன்றாகவே பெரிதாக வேண்டும், சுற்றிலும் சதை இல்லாத இடத்தில் வேண்டாம்.
மூன்றுக்கும் பொதுவாக: மரைச்செருகு.

டென்ஷனருக்கு மரைச்சுருளே போதும். அடிக்கடி கழற்றி மாட்டும் இடமென்றால் மரைக்குழல் நல்லது. அதன் விளிம்பு உட்கார மேலே அகலக் குடைய வேண்டும், அதை மறந்தால் விளிம்பு துருத்திக்கொண்டு டென்ஷனர் தட்டையாக உட்காராது.

வேலை முறை. முதலில் பெல்ட்டைக் கழற்றி ஒதுக்குங்கள். டைமிங் குறிகளைச் சேர்த்து வைத்து, கிராங்க், கேம் தண்டுகளைப் பூட்டு ஊசிகளால் நிறுத்திவிட்டே தொடங்குங்கள். அலுமினியத் துருவல் பெல்ட் பல்லிலும் டென்ஷனர் பேரிங்கிலும் கிராங்க் சீல் விளிம்பிலும் போய் உட்காரும், அதனால் துளையைத் தவிர மற்றதை எல்லாம் துணியாலும் டேப்பாலும் மூட வேண்டும்.

துளையிடும் அளவு: எம்6 × 1.0-க்கு 6.3 மி.மீ., எம்8 × 1.25-க்கு 8.3 அல்லது 8.4. மரைச்சுருள் பெட்டியோடு ஒரு டிரில் வந்தால் அதையே பயன்படுத்துங்கள். துளையின் ஆழத்தை அளந்து டிரில்லில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் முட்டுத்துளைக்குப் பின்னால் கூலன்ட் வழி இருக்கலாம். நாம் துளையை அகலப்படுத்துகிறோம், ஆழப்படுத்தவில்லை. கையால் பிடித்தால் டிரில் சாயும், சாய்ந்த துளையில் டென்ஷனரும் சாய்ந்து பெல்ட் ஓரமாக ஓடும். செங்குத்தாக நிறுத்த வழிகாட்டிக் கட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரை வெட்டும் கருவிக்கும் பட்டறையில் டேப் என்றுதான் பெயர். சாதாரண எம்8 டேப் இங்கே உதவாது. மரைச்சுருளுக்கென்று உள்ள டேப் வேண்டும். புரியிடைத் தூரம் அதே 1.25, வெளி விட்டம் மட்டும் சுமார் 9.6 மி.மீ. டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் நிறைத்தால் துருவலைப் பிடித்துக்கொள்ளும், வெட்டுவதற்கு மண்ணெண்ணெய். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. முட்டுத்துளையில் கடைசிச் சுற்றுகளை வெட்ட, முனை கூம்பாமல் தட்டையாக உள்ள டேப் தேவை. முடிந்ததும் துருவலை மெல்லிய குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். காற்றடித்தால் அது போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகும்.

மரைச்சுருளைச் சுழற்றியே இறக்க வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் ஒரு மரை தாண்டி உட்காரும். மேல் முனை வார்ப்பின் மேற்பரப்புக்குக் கீழே கால் முதல் அரைச் சுற்று இறங்கியிருக்க வேண்டும், மேற்பரப்போடு சமமாக நிற்கக் கூடாது. எம்8-க்கு நீளம் 12 மி.மீ. நல்ல அளவு, துளை இடம் கொடுத்தால் 16. சுருள் இயல்பில் துளையைவிடச் சற்றுப் பெரியது. உள்ளே போனதும் விரியப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொள்ளும், பசை தேவையில்லை. ஊடுதுளை கூலன்ட்டுக்குள் திறந்தால் மட்டும் போல்ட் மரையில் கசிவடைப்பு பூச வேண்டும்.

---

அனுப்புநர்: கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

நன்றி ஐயா. சுருளின் அடியில் குறுக்கே மடிந்திருக்கும் சின்னத் துண்டு, செருகியதும் உடைத்தெடுப்பது, அதற்கு? 'வால்' என்று போடலாமா?

---

அனுப்புநர்: கடைசல் பட்டறை

வால் பின்னால் அல்லவா வரும்? இது முன்னே போகிறது, கருவி இதைப் பிடித்துத்தான் சுருளை இழுத்துச் செல்கிறது. நாக்கு என்று வையுங்கள். அது கம்பியோடு சேரும் இடத்தில் இருக்கும் வெட்டு, நாக்குக்கீறல். உடைவது அங்கேதான்.

---

அனுப்புநர்: கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

கடைசிப் பத்தி இப்படி வருகிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

> மரையுரிவு ஏற்பட்ட துளையில் மரைச்சுருளை இறக்கியதும், தட்டை முனைக் கம்பியால் நாக்கை ஒரே தட்டில் உடைக்கவும். போல்ட்டைக் கையால் ஏற்றிப் பார்க்கவும். பெல்ட்டை மாட்டி, தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசையிலேயே டென்ஷனரை இறுக்கவும். பூட்டு ஊசிகளை எடுத்துவிட்டு, கிராங்க் தண்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் குறிகள் மீண்டும் சேர்கின்றனவா எனச் சரிபார்க்கவும்.

---

அனுப்புநர்: கடைசல் பட்டறை

சொற்கள் எல்லாம் சரி. 'உடைக்கவும்' என்பதற்கும் 'போல்ட்டை' என்பதற்கும் நடுவே ஒரு வரி விடுபட்டிருக்கிறது: உடைந்த நாக்கை வெளியே எடுத்துக் கண்ணால் பார்க்கவும். முட்டுத்துளையில் கிடந்தால் போல்ட் அதன்மேல் முட்டும், ஊடுதுளை வழியாக விழுந்தால் பெல்ட்டுக்கும் கிராங்க் பல்சக்கரத்துக்கும் நடுவே போய்ச் சிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்பதால் காந்தத்தை நம்ப முடியாது. குச்சி முனையில் கிரீஸ் தடவி ஒற்றி எடுக்கலாம். அது கிடைக்கும்வரை பெல்ட்டை மாட்ட வேண்டாம்.