இளம்பிள்ளை வாதம் தாக்கிய காலில் 'இயக்க அலகு' பெருப்பது என்றால் என்ன?

வினா: கத்ர் போர்ன் பேரன்

அனைவருக்கும் வணக்கம். 1945-ஆம் ஆண்டு மொரிசியசில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது என் பாட்டி சிறு குழந்தை. வலது பாதத்தைத் தூக்கும் வலு அன்றே போய்விட்டது. தொடை மட்டும் பெருமளவு தேறியதால், கோர் தெ கார்த் மலைச்சரிவிலுள்ள முருகன் கோயிலின் படிகளை ஐம்பது வயதைக் கடந்தும் ஏறிவந்தார். பிறகு அதே தொடை சிறுகச் சிறுகத் தளர்ந்தது. இன்று நாற்காலியிலிருந்து எழுவதற்கே மேசை விளிம்பைப் பிடிக்கிறார். அவரைக் கவனிக்கும் கினே (இயன்முறை மருத்துவர்), "மிஞ்சிய இயக்க அலகுகள் பெருத்துவிட்டன, அவைதாம் களைக்கின்றன" என்கிறார். பெருத்தால் வலு கூடத்தானே வேண்டும்? ஒரே நோயில் பாதம் போய்த் தொடை பிழைத்தது எவ்வாறு?

மறுமொழி: உடலியங்கியல் ஆசிரியை, ரோஸ் ஹில்

தண்டுவடத்திலுள்ள ஓர் இயக்க நரம்பணு, அதன் நீண்ட நரம்பிழை, அந்த இழை கிளைத்துச் சென்று தொடும் தசை நார்கள் ஆகியவை சேர்ந்ததே ஓர் இயக்க அலகு. நம் பாட்டன்மார் கரும்புத் தோட்டங்களில் ஒரு சர்தாரின் (மேற்பார்வையாளரின்) கீழ் ஒரு கூட்டமாக வேலை செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள்: அவர் குரல் கொடுத்தால் அந்தக் கூட்டம் முழுதும் குனியும், கொடுக்காவிட்டால் ஒருவரும் குனியார். அவ்வாறே நரம்பணு துடித்தால், இழை நுனிகளில் அசிட்டைல்கோலின் என்னும் செய்தி கடத்தும் வேதிப்பொருள் சுரந்து, அந்த அலகின் நார்கள் எல்லாம் ஒருசேரச் சுருங்குகின்றன.

கூட்டத்தின் அளவு தசைக்குத் தசை மாறும். கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்பணுவுக்கு ஏறத்தாழ 10 நார்களே உண்டு; கெண்டைக்கால் தசையில் அது 1,900 வரை போகும். நுணுக்கம் வேண்டிய இடத்தில் சிறு கூட்டம், உடல் எடையைத் தாங்கும் இடத்தில் பெருங்கூட்டம்.

இளம்பிள்ளை வாதக் கிருமி கொல்வது சர்தாரைத்தான், நார்கள் ஆதரவற்றுப்போகின்றன. அப்போது அருகில் பிழைத்திருக்கும் நரம்பிழை புதிய கிளை விட்டு அவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. இறந்த நரம்பணு உயிர்த்தெழுவதில்லை. பிழைத்தது ஒன்று ஐந்து கூட்டங்களைக் கூட ஆளும் நிலை வருகிறது. பாட்டியின் தொடை தேறியது அதனால்தான். ஆனால் அத்தனை கிளைகளையும் பல பத்தாண்டுகள் பேணுவது ஒரே அணுவின் வேலை. அது தளரும்போது கிளை நுனிகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. இளம்பிள்ளை வாதம் தாக்கிப் பல ஆண்டுகள் கழித்து வரும் இத்தகைய தளர்ச்சிக்கு, அதாவது பின்-போலியோ நோய்க்குறிக்கு, பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இதுவே.

மறுமொழி: ஓய்வு பெற்ற மருத்துவர், போர்ட் லூயி

அம்மையாரின் உவமை அழகானது, ஆனால் ஓரிடத்தில் பிசகும். தோட்டத்தில் ஒரு கூட்டம் ஒரே வரிசையில் நிற்கும். தசையில் ஓர் அலகின் நார்கள் அருகருகே நிற்பதில்லை. 1968-இல் எட்ஸ்ட்ரோம், குகெல்பெர்க் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் எலியின் காலில் ஒரே ஒரு நரம்பிழையைத் தொடர்ந்து தூண்டி, அதன் நார்களில் சேமித்திருந்த சர்க்கரைப் பொருளான கிளைக்கோஜனைத் தீரச்செய்து, தசையைக் குறுக்கே சீவிச் சாயமிட்டுப் பார்த்தார்கள். சாயமேறிய பிற நார்களுக்கிடையே, கிளைக்கோஜன் தீர்ந்த அந்த அலகின் வெளிறிய நார்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. பல அலகுகள் ஒரே பரப்பில் பின்னிக் கிடப்பதால்தான் ஒன்று போனாலும் பக்கத்து இழை எட்டிப் பிடிக்க முடிகிறது.

பாதத்தைப் பற்றிய வினாவுக்கு வருகிறேன். ஒரு தசைக்குரிய நரம்பணுக்கள் தண்டுவடத்தில் செங்குத்தான தூண்போல அடுக்கப்பட்டிருக்கின்றன. முன்தொடைத் தசையின் தூண் நீண்டது. பாதத்தைத் தூக்கும் முன்கால் தசையின் தூண் குட்டை. கிருமி திட்டுத் திட்டாக அழிக்கும்போது குட்டைத் தூண் மொத்தமாக விழும், நெடுந்தூணில் சில பகுதிகள் மிஞ்சும். இதை 1955-இல் ஷாரார்டு என்ற மருத்துவர் விரிவாகக் காட்டினார்.

வினா: கத்ர் போர்ன் பேரன்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் பயிற்சியால் தொடையை வலுப்படுத்தக் கூடாதா? என் மாமா தினமும் அவரை இருபது முறை எழுந்து உட்காரச் சொல்கிறார்.

மறுமொழி: உடலியங்கியல் ஆசிரியை, ரோஸ் ஹில்

மருத்துவர் ஐயா திருத்தியது சரியே. பயிற்சியைப் பொறுத்தவரை, சிறிய நரம்பணுக்கள் முதலில் அழைக்கப்படும், தேவை கூடினால்தான் பெரியவை சேரும் என்பது ஹென்னமன் என்ற நரம்பியல் ஆய்வாளர் நிறுவிய ஒழுங்கு. நலமான தொடையில் நாற்காலியிலிருந்து எழுவதற்கு அலகுகளில் ஒரு பகுதி போதும். பாட்டிக்கு மிஞ்சியவை சிலவே ஆதலால், எழும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய எல்லாமே வேலைக்கு வந்துவிடுகின்றன. மாற்றி ஓய்வெடுக்க ஆளில்லை. மாமா சொல்லும் இருபதைக் கைவிடுங்கள். மருத்துவரும் கினேயும் இசைந்தால், மூன்று முறை எழுந்து, நன்றாக இளைப்பாறி, பிறகு மீண்டும் மூன்று முறை எழச்செய்யலாம். மறுநாள் காலையில் தொடை கனத்தால் அதையும் குறைக்க வேண்டும். நாற்காலியில் ஒரு தடித்த மெத்தையை வைத்து உயர்த்தினால் எழுவது உடனே எளிதாகும். அதை இன்றே செய்யுங்கள்.