ஆயில் மாற்றிய பின் டிப்ஸ்டிக் வேளைக்கொரு அளவு காட்டுகிறது: எதை நம்புவது?

கேள்வி – கோபி வாசகர்

வணக்கம். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 100 சிசி வண்டி. பெருந்துறை சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்வருவதும், தோட்டத்துக்கு உரமூட்டை கொண்டுபோவதும் அதில்தான். இந்த முறை ஆயிலை வீட்டு வாசலில் வைத்து நானே மாற்றினேன். எஞ்சினைச் சிறிது சூடேற்றி, அடியில் ஆயில் வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி, சொட்டுவது நிற்கும்வரை வடியவிட்டு, புது வாஷர் போட்டு முடுக்கிய பிறகு, ஒரு லிட்டர் டப்பாவிலிருந்து ஊற்றினேன். தெரிந்த மெக்கானிக் ஒருவர் டப்பாவை அப்படியே கவிழ்த்துவிடலாம் என்றார். கையேட்டிலோ, ஆயில் மாற்றும்போது ஓர் அளவும், எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது அதைவிடக் கூடுதலான அளவும் என்று இரண்டு எண்கள் உள்ளன. முதல் எண்ணின்படி ஊற்றிவிட்டு, மிச்சத்தை டப்பாவிலேயே வைத்திருக்கிறேன்.

ஊற்றியவுடன் டிப்ஸ்டிக்கில், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கோடிட்ட குச்சியில், பார்த்தால் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்திய கையோடு பார்த்தால் கீழ்க்கோட்டை ஒட்டி வந்துவிட்டது. மறுநாள் காலையில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது. போதாக்குறைக்கு, டிப்ஸ்டிக்கை மரையில் திருகி எடுத்துப் பார்த்தால் ஒரு மட்டமும், திருகாமல் வைத்துப் பார்த்தால் அதற்குக் கீழே இன்னொரு மட்டமும் தெரிகின்றன. இவற்றில் எதை எடுத்துக்கொள்வது? மிச்ச ஆயிலை ஊற்ற வேண்டுமா?

பதில் – காங்கேயம் வாசகர்

தம்பி, நீங்கள் பார்த்தவை எல்லாமே உண்மையான அளவுகள்தாம். பார்த்த வேளைதான் வேறு. ஊற்றியவுடன் ஆயில் முழுவதும் அடியில் தேங்கி நிற்கிறது. பம்பும், ஆயில் செல்லும் துளைகளும், தலைப்பகுதியும் இன்னும் நிரம்பவில்லை. உங்கள் வகை 100 சிசி எஞ்சின்கள் பலவற்றில் காகித ஃபில்டர் கிடையாது. பிஸ்டனின் அசைவால் சுழலும் தண்டான கிராங்கின் ஓரத்தில் சுழன்றபடியே கசடை ஒதுக்கும் ஒரு கிண்ணமும், அடியில் ஒரு வலையும்தான் இருக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இவை எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வதால் மட்டம் இறங்குகிறது. நிறுத்திய கையோடு பார்க்கும்போது, மேலே ஏறிய ஆயில் இன்னும் சுவர்களில் வழிந்துகொண்டிருக்கும். இரவு முழுவதும் நின்றால் அது இறங்கிவிடும். அதனால்தான் காலையில் சற்று ஏறித் தெரிந்தது.

உங்கள் கையேட்டில் ஆயில் அளவு பார்க்கும் பக்கத்தை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். இவ்வகை வண்டிகளுக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவது இதுதான்: எஞ்சினை மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துவிட்டு, மரையில் திருகாமல் துளையின் வாயில் உட்காரும்படி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். திருகினால் குச்சி மரையின் உயரத்துக்குக் கூடுதலாக இறங்கிவிடும். ஆயில் குறைவாக இருந்தாலும் போதுமான அளவு இருப்பதுபோல் காட்டும். இது வெளியே தெரியாத ஆபத்து என்பதால் இதைத்தான் முதலில் சரிசெய்துகொள்ளச் சொல்வேன். திருகியே பார்க்கச் சொல்லும் வண்டிகளும் உண்டு. அவற்றுக்குக் கோடு அதற்கேற்ப இடப்பட்டிருக்கும்.

அடுத்தது உங்கள் வாசல். நம் பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வாட்டம் வைத்துத்தான் வாசலுக்குத் தளம் போடுவார்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் அது சமமாக இருக்காது. கொத்தனார் யாரிடமாவது ரசமட்டம் வாங்கி, ஸ்டாண்டின் இரண்டு கால்களும் நிற்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் வண்டியில் டிப்ஸ்டிக் வலப்பக்கம் இருக்குமானால், வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கும்போது அளவு குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால் மிகையாகிவிடும். சைடு ஸ்டாண்டில் நிறுத்திப் பார்ப்பதும் இதே கதைதான்.

கையேட்டின் இரண்டு எண்களில் நீங்கள் எடுத்ததுதான் சரியானது. எவ்வளவு வடியவிட்டாலும் பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே தங்கும்; பெரிய எண் முற்றிலும் உலர்ந்த எஞ்சினுக்கு. மிச்ச டப்பாவை மூடி பத்திரமாக வையுங்கள். மேலிட்டு ஊற்ற நேர்ந்தால் அதே ஆயிலையே ஊற்றுங்கள். வீட்டில் கார் ஆயில் கிடக்கிறது என்று அதை ஊற்ற வேண்டாம். இந்த எஞ்சின்களில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் நனைந்து ஓடுகிறது. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் ஆயிலால் கிளட்ச் வழுக்கக்கூடும். டப்பாவில் இத்தகைய கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் – உடுமலை வாசகர்

மேலே சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். டிப்ஸ்டிக் இல்லாமல், எஞ்சினின் பக்கவாட்டில் கண்ணாடிச் சன்னல் வைத்த வண்டிகளில் வேறொரு குழப்பம் உண்டு. புது ஆயில் தெளிவாக இருப்பதால், சன்னல் முழுவதும் நிரம்பியிருப்பதும் முழுவதும் காலியாக இருப்பதும் சில நேரம் ஒன்றுபோலவே தெரியும். ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்து மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்க்க, இன்னொருவர் குனிந்து பார்த்தால், ஆயிலின் விளிம்பு நகர்வது தெரிந்துவிடும். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டிகளில் எப்படியும் இரண்டு பேர் வேண்டும்.

பதில் – பொள்ளாச்சி வாசகர்

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் வைத்திருப்பவர்கள் இந்தத் திரியைப் படித்துவிட்டு, இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் அளவு பார்க்கக் கிளம்பிவிட வேண்டாம். அந்த எஞ்சினில் ஆயில் தனி அறையில் நிற்கிறது. ஒரு பம்பு அதை உள்ளே அனுப்ப, இன்னொரு பம்பு திருப்பி அனுப்புகிறது. வண்டி பல நாள் நின்றால், அறையிலுள்ள ஆயில் பம்பு வழியாகக் கசிந்து கிராங்க் பகுதியில் இறங்கிவிடும். அப்போது டிப்ஸ்டிக்கில் ஆயிலே இல்லாததுபோல் தெரியும். அதை நம்பி ஊற்றினால், எஞ்சின் ஓடியதும் திரும்பி வரும் ஆயிலுக்கு இடமில்லாமல், எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாக வெளியே கக்கும். சில நிமிடம் ஓடவிட்டு, ஆயில் அறைக்குத் திரும்பிய பிறகே பார்க்க வேண்டும். கிளட்ச்சுக்கும் கியர் பெட்டிக்கும் அதில் தனித்தனி ஆயில் என்பதால், அவற்றைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோபி வாசகர்

அண்ணா, மிக்க நன்றி. நெல் காயப்போடும் களத்தில் ரசமட்டம் வைத்துச் சமமான இடம் தேடி, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது, ஆகவே எதையும் ஊற்றவில்லை. ஆனால் இதே வண்டி என் மச்சானிடமும் இருக்கிறது. ஒரு கடையில் அவருக்கு டப்பா முழுவதையும் ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். அதே களத்தில் பார்த்தபோது மேல்கோட்டுக்கு மேல் ஒரு விரற்கடை இருந்தது. அப்படியே ஓட்டலாமா?

பதில் – காங்கேயம் வாசகர்

எடுத்துவிடுவதே நல்லது. மட்டம் மிகையானால் சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரையைப் பம்பு தள்ளினால் போய்ச்சேர வேண்டிய இடத்துக்கு ஆயிலோடு காற்றும் போகும். மிஞ்சியது பிரீதர் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்கு ஏறும். அந்தப் பெட்டியின் அடியில் தொங்கும் சிறு குழாயில் ஆயில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தால், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். சேர்ந்திருந்தால் ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள்.

ட்ரெயின் போல்ட்டைத் தளர்த்தி அளவாக வடிப்பது கைவராத வேலை. மருந்துக் கடையில் பெரிய சிரிஞ்ச் ஒன்றும், அதன் நுனியில் இறுகப் பொருந்தும் மெல்லிய குழாய் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஊற்றுவாய் வழியாகக் குழாயை இறக்கி, ஒரு முறைக்கு ஐம்பது மில்லிக்கு மேல் போகாமல் உறிஞ்சி, ஒவ்வொரு முறையும் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். குழாய் உள்ளே நழுவிவிடாமல் வெளிநுனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்தி, மூடியைத் திருகி, மறுபடி ஓடவிட்டு அதே முறையில் கடைசியாக ஒரு தடவை சரிபாருங்கள். எடுத்த ஆயில் சுத்தமாக இருந்தால் மூடி வையுங்கள். பிறகு மச்சானின் வண்டிக்கே மேலிட்டு ஊற்ற உதவும்.