ஓர்ப்பூடு தொட்டியில் அழுகுகிறது: உப்பு போட வேண்டுமா?

கேள்வி (கொட்டிவாக்கம் மாடி)
முட்டுக்காடு உப்பங்கழி ஓரத்தில் சிவந்த தண்டும் கொழுத்த இலையுமாகத் தரையில் பாய் விரித்ததுபோல் படர்ந்திருக்குமே, அந்த ஓர்ப்பூடுதான் (செசுவியம் போர்ட்டுலகாஸ்ட்ரம்). நண்பர் வீட்டிலிருந்து தண்டு வாங்கி நட்டேன். செம்மண்ணும் தொழுவுரமும் சரிபாதி, மாடியில் பாதி நிழல், இரண்டு வேளையும் தண்ணீர். துளிர்த்தது. இப்போது கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டுகொண்டே போகிறது. அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. மண்ணைத் தொடும் இடம் கறுத்துக் கொழகொழவென்று ஆகிவிட்டது. பூவே இல்லை. உப்பில்லாத ஏக்கமா? கல்லுப்பு போடலாமா?

பதில் (வேதாரண்யம்)
உப்பை இப்போதைக்குத் தொடாதீர்கள். எங்கள் ஊர் உப்பளங்களைச் சுற்றி இது செழித்துக் கிடக்கிறது என்பது உண்மை. ஆனால் உப்பில்லாத மண்ணிலும் இது வளரும். உங்கள் செடிக்கு வெயில் போதவில்லை, தண்ணீரும் உரமும் அளவுக்கு மிஞ்சிவிட்டன. நிழலில்தான் தண்டு இப்படி நீளும். ஈரம் காயாத எருமண்ணில்தான் அடி அழுகும்.

பழைய செடியைக் காப்பாற்ற முயல வேண்டாம். அழுகலுக்கு மேலே, உறுதியான தண்டாகப் பார்த்து ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். வெட்டுவாய் காய ஒரு நாள் நிழலில் போடுங்கள். அகலமான, ஆழம் குறைந்த தொட்டியில் கழுவிய பருமணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு. அடியில் துளை கட்டாயம். தண்டைக் குத்தி நடுவதைவிடப் படுக்கவைத்து, இரண்டு மூன்று கணுக்களை மணலால் மூடுவது நல்லது. கடற்கரையில் இது பரவுவதே அப்படித்தான்: மணலில் படிந்த கணுவிலெல்லாம் வெள்ளை வேர் இறங்கும், அதே கணுவிலிருந்து புதுக் கிளை எழும். வேர் பிடிக்கும்வரை லேசான ஈரம். பிறகு முழு வெயில், மேல்மண் காய்ந்த பின்பே தண்ணீர்.

பதில் (தூத்துக்குடி)
அதற்கு முன் இலையை ஒருமுறை பாருங்கள், அம்மா. சாரணையும் இதே குடும்பம்தான், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சாரணையில் இலை வட்டமாக இருக்கும்; எதிரெதிர் இலைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஓர்ப்பூட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, நீண்டு தடித்திருக்கும்.

உப்பு விஷயத்தில் வேதாரண்யத்தாரோடு எனக்குச் சிறு கருத்து வேறுபாடு. வேர் நன்றாகப் பிடித்த பிறகு, லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு கரைத்து எப்போதாவது ஊற்றினால் இந்தச் செடி இன்னும் திடமாக வளரும். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கிறது. இது அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். பக்கத்துத் தொட்டிகளில் மட்டும் சிந்திவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்
ஓர்ப்பூடேதான், இலைகள் ஒரே அளவு. படுக்கவைத்து நட்டது அருமையாகப் பிடித்துவிட்டது, இருவருக்கும் நன்றி! தண்டு குட்டையாக, நல்ல சிவப்பாக வருகிறது. இரண்டு சந்தேகங்கள். மண்மேல் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது. மொட்டுகள் நிறைய, ஆனால் வேலை முடிந்து மாலையில் வந்து பார்த்தால் ஒன்றுகூட விரிந்திருப்பதில்லை.

பதில் (தூத்துக்குடி)
வெள்ளை, ஊற்றிய உப்புதான். கடற்கரையில் மழை கழுவிவிடும், தொட்டியில் தங்கிவிடும். நல்ல தண்ணீரை அடித்துளை வழியே ஓடும்வரை ஊற்றுங்கள். சில வாரங்களுக்கு உப்பு வேண்டாம்.

பதில் (வேதாரண்யம்)
பூ பகலில் சில மணி நேரம்தான் விரியும், மாலைக்குள் மூடிக்கொள்ளும். நீங்கள் மொட்டு என்று நினைப்பவற்றில் சில, விரிந்து மூடியவையாகவே இருக்கலாம். வெளிப்புறம் பச்சையாக இருப்பதால் வித்தியாசம் தெரியாது. இளஞ்சிவப்பு முழுவதும் உள்பக்கத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய பிறகு, முற்பகலில் மாடிக்குப் போய்ப் பாருங்கள்.