ஷோபானின் முதல் பலாட்: கிரேட் 8 முடிந்ததும் எங்கிருந்து தொடங்குவது?

ஆறாம்விரல்:

பியானோவில் "என்னைக்காவது ஒருநாள் வாசிக்கணும்" என்கிற பட்டியல் என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. முதல் இடம் ஷோபானின் ஜி மைனர் பலாட் (கதை சொல்வது மாதிரியான பியானோ படைப்பு), ஓபஸ் (படைப்பு எண்) 23. அடுத்தது லிஸ்ட்டின் லா கம்பனெல்லா, ராவெலின் ஒந்தீன், ராக்மனினோவின் இரண்டாம் கான்செர்ட்டோ.

இப்போதைய நிலை: பியானோ தேர்வில் கிரேட் 8 முடிந்தது. ஃபான்டசி இம்ப்ராம்ப்டு முக்கால் வேகத்தில் வரும். பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டா மூன்றாம் பகுதி முழுசா வரும், ஆனா கடைசிப் பக்கத்தில் முன்கை இறுகிடும். கை ஒன்பது வெள்ளைக் கட்டை எட்டும், பத்து எட்டாது. வீட்டில் இருப்பது அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும் பியானோ).

பலாடை இப்போதே எடுக்கலாமா? எடுத்தால் எந்தப் பக்கத்தில் தொடங்கணும்? இந்தக் கைக்கும் இந்த வாத்தியத்துக்கும் பட்டியலில் எது சரிப்படும், எது சரிப்படாது?

---

பாஸ்நோட்:

எடுக்கலாம், ஆனா முதல் பக்கத்திலிருந்து வேண்டாம். 208-ஆம் பாரில் (பார் என்பது இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள தாளப் பகுதி) தொடங்குங்க.

மொத்தம் 264 பார். 208 முதல் கோடா, அதாவது முடிவுப் பகுதி; ப்ரெஸ்டோ கோன் ஃபுவோகோ (மிக வேகமாக, நெருப்போடு). அந்த 57 பார்தான் இந்தப் பலாட் உங்களுக்கு வருமா வராதா என்று தீர்மானிக்கும். மற்றதெல்லாம் கிரேட் 8 கைக்குப் பொறுமையாக உழைத்தால் வரும். முன்னாலிருந்து படித்து வருபவர்கள் கோடாவை எட்டும்போது அலுத்துப்போய், அதை அரைகுறையாக ஒப்பேற்றிவிடுகிறார்கள். அப்புறம் ஆயுசு பூரா 207 பார் வாசிக்கிறவர்களாகவே இருந்துவிடுவார்கள்.

முதலில் இடது கை மட்டும். கோடாவில் அதன் வேலை பாஸ் (அடி) நோட்டிலிருந்து கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் பல நோட்டுகளுக்கு) தாவுவது. பாஸை அடித்ததும் கை உடனே கார்டின் மேல் போய் உட்காரணும், ஆனா அழுத்தக் கூடாது. விரல்கள் சரியான கட்டைகளைத் தொட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அப்புறம் அழுத்துங்க. அதே மாதிரி திரும்பி பாஸுக்கு. தாவல் வேகமாக, அடி மெதுவாக. பல பேர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: மெதுவாகத் தாவி, கடைசி நொடியில் பாய்ந்து அடிப்பார்கள். மெதுவான வேகத்தில் அது தெரியாது, வேகம் கூடியதும் பாஸ் எல்லாம் பக்கத்துக் கட்டையில் விழும்.

வலது கையில் இரட்டை நோட்டும் ஒற்றை நோட்டும் மாறி மாறி வரும். கை இறுகுவது இங்கேதான். இரட்டை நோட்டுக்கு விரித்த கையை விரித்தபடியே வைத்துக்கொண்டு மணிக்கட்டை மேலும் கீழும் ஆட்டினால் பத்துப் பார் தாண்டுவதற்குள் முன்கை கல்லாகிடும். விரிந்த கை ஒற்றை நோட்டுக்குச் சுருங்கி மறுபடி விரியணும், முன்கை லேசாகப் பக்கவாட்டில் உருளணும். உங்க மூன்லைட் கடைசிப் பக்கத்திலும் இதே நோய்தான் என்று நினைக்கிறேன். அதைச் சரி பண்ணாமல் இங்கே வந்தால் இரட்டிப்பாக வலிக்கும்.

வேகம்: மெட்ரோனோம் 60, ஒரு தட்டுக்கு இரண்டு எட்டாம் நோட் (முழு நோட்டில் எட்டில் ஒரு பங்கு நீளம்). இரண்டு பார், அடுத்த பாரின் முதல் நோட்டில் நிறுத்தம். பிறகு அந்த நோட்டிலிருந்தே அடுத்த இரண்டு பார். துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரணும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பார்க்கோட்டிலும் விக்கல் வரும். கடைசியில் ஒரு தட்டுக்கு நான்கு எட்டாம் நோட் என்ற கணக்கில் 88 எட்டினாலே கேட்பவருக்கு அது ப்ரெஸ்டோதான். 100-ஐத் துரத்த வேண்டாம்.

இன்னொன்று. கோடாவைத் தனியாக வாசித்தால் வரும், முழுசாக வாசிக்கும்போது உடையும். காரணம் 206, 207: முடிந்தவரை பலமாக என்று ஷோபானே எழுதிய இடம். அங்கே தோளோடு சேர்த்துக் கொட்டிவிட்டு 208-ல் நுழைந்தால் கை ஏற்கனவே களைத்திருக்கும். அதனால் கோடா ஓரளவு வந்ததும் எப்போதும் 194-லிருந்தே வாசிங்க.

---

ஊர்டெக்ஸ்ட்:

பாஸ்நோட் சொன்ன வரிசை சரி. பிரதியைப் பற்றி ஒரு வார்த்தை. இலவசமாகக் கிடைக்கும் பழைய பதிப்புகளில் பதிப்பாசிரியர்கள் சேர்த்த பெடல் குறிகளும் உரத்த, மெல்லிய குறிகளும் ஷோபானுடையவற்றோடு கலந்து கிடக்கின்றன. யான் எகியர் தொகுத்த போலந்து தேசியப் பதிப்பையோ ஹென்லேயையோ வாங்கிவிடுங்கள். கோர்த்தோவின் பயிற்சிப் பதிப்பு பக்கத்தில் இருந்தால் நல்லது. கடினமான இடங்களுக்கு அவர் தனியாகப் பயிற்சிகள் எழுதியிருக்கிறார். பிரதியாக வேறொன்றையும் பயிற்சிக்கு அதையும் வைத்துக்கொள்ளலாம்.

வேறுபாடு எங்கே என்று பார்க்க ஏழாம் பாரே போதும். லார்கோ (மிக மெதுவான) முன்னுரையின் முடிவில் வரும் இடது கைக் கார்டில் மேலே ஈ ஃப்ளாட் இருக்கிறது. அது காதைக் குத்துகிறது என்று சில பழைய பதிப்புகள் டி ஆக்கிவிட்டன. குத்த வேண்டும் என்பதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. டி போட்டால் கேள்வி போல முடியும் முன்னுரை சாதாரணமான ஒரு முடிவாகிவிடும்.

எட்டாம் பார் முதல் 6/4. பாரில் ஆறு துடிப்பு இருப்பதால் ஆறையும் எண்ணி எண்ணி வாசிப்பவர்கள்தான் அதிகம், அது நொண்டும். பாருக்கு இரண்டு பெரிய மூச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள். துணைக் கார்டுகள் மெலடியைவிட இரண்டு படி கீழே ஒலிக்க வேண்டும். மெலடி நோட் நீளும்போது கார்டுகளுக்குப் பெடலைச் சின்னச் சின்னதாக மாற்றுங்கள், விரலால் மெலடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெடலை நம்பி விரலை எடுத்தால் முதல் தீம் முழுக்கக் குழம்பும்.

மனப்பாடத்தில் வழுக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் தீம் மூன்று முறை வருகிறது: 8-ல் ஜி மைனர், 94-ல் ஏ மைனர், 194-ல் மறுபடி ஜி மைனர். 94-ல் அடியில் ஈ பிடித்து நிற்கும், 194-ல் டி. மேடையில் கை பழக்கத்தில் ஓடி, ஒன்றின் வால் மற்றொன்றில் ஒட்டிக்கொள்ளும். 94-ல் வருவது 106-இன் ஏ மேஜருக்குப் போகிறது, 194-ல் வருவது கோடாவுக்கு. இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்து வாசித்து, பிரியும் பார் எது என்று பென்சிலால் வட்டமிடுங்கள். இரண்டாம் தீமுக்கும் இப்படியே: 68-ல் ஈ ஃப்ளாட்டில் மெல்ல, 106-ல் ஏ மேஜரில் உரக்க, 166-ல் திரும்ப ஈ ஃப்ளாட்டில் உரக்க. 106-ஐயும் 166-ஐயும் ஒரே சத்தத்தில் வாசித்தால் கோடாவுக்கு எதுவும் மிச்சமிருக்காது.

---

நடுசி:

நான் ஒத்துக்கலை. முன்கை இறுகுதுன்னு அவங்களே சொல்றாங்க, அதுக்கு 208-ஐ மருந்தாக் கொடுக்கறீங்க.

முதல்ல ஷோபானோட இந்த மூணு: பிரெலூட் ஓபஸ் 28, நம்பர் 22. ஜி மைனர், 41 பார், இடது கை ஆக்டேவ் (ஒரே பெயருள்ள இரண்டு நோட், எட்டுக் கட்டை இடைவெளியில் சேர்த்து அடிப்பது). எட்யூட் ஓபஸ் 25, நம்பர் 4. இடது கை பாஸ்-கார்டு தாவல், வலது கை எதிர்த்தட்டுல. கோடாவோட இடது கைக்கு இதைவிட நேரடியான பயிற்சி கிடையாது. அப்புறம் நாக்டர்ன் ஓபஸ் 48, நம்பர் 1, சி மைனர். அமைதியாத் தொடங்கி ஆக்டேவ் புயலுக்குப் போய், முதல் தீம் இரட்டை வேகத்துல திரும்ப வரும். பலாட்ல வேண்டிய தாக்குப்பிடிக்கிற சக்தி அதுல வந்துடும்.

நாக்டர்ன் கை இறுகாம முடிஞ்சா பலாடைத் திறங்க. முடியலைன்னா பிரச்சினை என்னன்னு மலிவா தெரிஞ்சுக்கிட்டீங்க.

---

பாஸ்நோட்:

@நடுசி ஓபஸ் 25, நம்பர் 4 நல்ல யோசனை, கோடாவின் இடது கையோடு சேர்த்தே போடலாம். ஆனா நாக்டர்ன் முடியும்வரை பலாடைத் தொடாதே என்பது அதிகம். 60 வேகத்தில் வாசிக்கிற கோடா யாரையும் காயப்படுத்தாது. வலி வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திடணும், அது மட்டும் விதி.

---

பதினோராம்சுத்தி:

வாத்தியத்தையும் கையையும் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான்.

கிராண்டில் (தந்திகள் படுக்கையாக இருக்கும் பெரிய பியானோவில்) இரட்டை எஸ்கேப்மென்ட் இருக்கும். செபஸ்தியான் எரார் உருவாக்கி, 1821-ல் காப்புரிமை பெறப்பட்ட ஏற்பாடு. கட்டை முழுசாக மேலே வருமுன்பே அதே நோட்டை மறுபடி அடிக்கலாம். சாதாரண அப்ரைட்டில் அந்த ஏற்பாடு கிடையாது, கட்டை ஏறக்குறைய முழுசாகத் திரும்பினால்தான் சுத்தியல் அடுத்த அடிக்குத் தயார். அதனால் லா கம்பனெல்லாவில் ஒரே நோட் விரல் மாற்றி மாற்றி விரைந்து ஒலிக்கும் இடங்களில் நோட்டுகள் விழுங்கப்படும். ராவெலின் ஸ்கார்போவின் தொடக்கத்திலும் அதேதான். அது உங்கள் விரலின் குற்றமில்லை, மெக்கானிக்கை வரவழைத்தும் பயனில்லை. அப்ரைட்டில் அதை வேகத்துக்குக் கொண்டுவர முயன்று விரலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மெதுவாகப் படித்து வைத்து, கிராண்ட் கிடைக்கும் இடத்தில் வேகத்தைப் பாருங்கள்.

கம்பனெல்லாவின் தாவல்களை அப்ரைட்டிலேயே படிக்கலாம். மேலே டி ஷார்ப் மணி, கீழே மெலடி, நடுவில் வலது கை ஒரு ஆக்டேவுக்கு மேல், சில இடங்களில் இரண்டு ஆக்டேவ் வரை பறக்கிறது. பாஸ்நோட் சொன்ன "போய்த் தொட்டுவிட்டு அழுத்து" முறையே இதற்கும். கண்ணை மெலடியில் வைத்து மணியை விரலுக்கு விட்டுவிடுங்கள், டி ஷார்ப் இடம் மாறுவதில்லை. நாலாம் ஐந்தாம் விரல் ட்ரில்தான் (பக்கத்துப் பக்கத்து நோட்டுகளை மாறி மாறி விரைந்து அடிப்பது) கடைசிவரை தொந்தரவு தரும்.

ஒந்தீனைத் தள்ளிப் போடுங்கள். தொடக்கமே வலது கையில் விடாமல் நடுங்கும் கார்டு, அதுவும் மிக மிக மெல்ல. கிராண்டின் இடது பெடல் சுத்தியல்களைப் பக்கவாட்டில் நகர்த்தி ஒலியின் நிறத்தையே மாற்றும். அப்ரைட்டின் இடது பெடல் சுத்தியலைத் தந்திக்குக் கிட்டே கொண்டுவருவதோடு சரி, சத்தம் கொஞ்சம் குறையும், நிறம் அப்படியே இருக்கும், தொடுகை வேறு தளர்ந்துபோகும். அந்த நடுக்கத்தைச் சமமாக வைக்க அதில் படாத பாடு பட வேண்டும்.

பலாடுக்கு உங்கள் ஒன்பது கட்டை போதும். எட்டாத இடது கைக் கார்டுகளை உருட்டலாம் (நோட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து அடிக்கலாம்), கீழ் நோட்டைத் துடிப்புக்குச் சற்று முன்னால் போட்டுப் பெடலில் பிடித்துக்கொள்ளுங்கள். ராக்மனினோவ் இரண்டாம் கான்செர்ட்டோவின் தொடக்கக் கார்டுகள் இடது கையைப் பத்துவரை விரிக்கச் சொல்கின்றன. அங்கும் பலர் உருட்டுகிறார்கள், எல்லாக் கார்டையும் ஒரே மாதிரி உருட்டினால் உறுத்தாது. இழுத்துப் பிடித்து எட்டப் பார்ப்பதுதான் ஆபத்து.

---

ஆறாம்விரல்:

எல்லாருக்கும் நன்றி. ஓபஸ் 25, நம்பர் 4-உம் 208-உம் சேர்த்துத் தொடங்கறேன், நாக்டர்ன் பக்கத்தில் ஓடட்டும். ஒரு சந்தேகம்: கோடா ஒரு வேகத்தில் அப்படியே நின்னுட்டா என்ன செய்யறது? மெட்ரோனோமை இரண்டிரண்டாக ஏத்திக்கிட்டே போகலாமா?

---

பாஸ்நோட்:

ஒரு எல்லைவரைதான் அது உதவும். மெதுவாக வாசிக்கிற அசைவும் வேகமாக வாசிக்கிற அசைவும் ஒன்றில்லை, அதனால் ஏதோ ஒரு எண்ணில் வந்து முட்டும். முட்டினால் மெட்ரோனோமை அணைச்சிடுங்க. நாலு எட்டாம் நோட்டை மட்டும் கச்சேரி வேகத்தில் ஒரே வீச்சில் வாசிங்க, நிறுத்துங்க, கையைத் தளர்த்துங்க. அடுத்த நாலு. பிறகு எட்டு, பிறகு ஒரு பாரும் அடுத்ததின் முதல் நோட்டும். நிறுத்தத்தின் நீளத்தைத்தான் குறைச்சுக்கிட்டே வரணும், வீச்சின் வேகத்தைத் தொடக் கூடாது. எந்த நாலில் கை தடுமாறுதோ அங்கே ஃபிங்கரிங் (எந்த நோட்டுக்கு எந்த விரல் என்பது) தப்பு, அதை மாத்தி எழுதிட்டு அந்த இடத்தை மறுபடி 60-க்குக் கொண்டு போங்க.

முடிவுக்குக் கிட்டே வரும் ஸ்கேல் ஓட்டங்களை இந்த முறையில் போட வேண்டாம். அவற்றுக்கு நடுவில் மெல்ல நிற்கும் கார்டுகள் இருக்கு, அங்கே கைக்கு ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வை முழுசாக எடுத்துக்கிட்டால்தான் இரண்டு கையும் எதிரெதிர் திசையில் போகும் கடைசி ஆக்டேவ்களுக்குத் தோள் மிஞ்சும்.