கேர் ஹோம் சம்பளம்: 2025-26ல் மணிக்கு 12.30 பவுண்டு கொடுத்தது சட்டப்படி சரியா?

குரோய்டன்_கணக்கர்: இங்கிலாந்து கேர் ஹோம்கள் (முதியோர் போன்றோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்கள்) குறைந்தபட்சக் கூலியைக்கூடக் கொடுப்பதில்லை என்று இங்கே அடிக்கடி எழுதுகிறார்கள். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை, 21 வயது ஆனவர்களுக்கு அது மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. அந்த ஆண்டு வேலை விளம்பரங்களில் 12.30, 12.50 என்று பார்த்தோம். சம்பளம் குறைவு, மறுக்கவில்லை. திருட்டு என்பது அதிகம்.

ரோட்டா_ரதி: விளம்பரத்தை விடுங்க அண்ணா, ரோட்டாவை, அதான் ஷிப்ட் அட்டவணையைப் பாருங்க. காலை 8, ராத்திரி 8. ஒரு மணி நேர பிரேக்குக்குக் காசு கிடையாது. ஆக 12.30 கணக்குல 11 மணி நேரத்துக்கு 135.30. ஆனா முந்தின ஷிப்டுகிட்ட பொறுப்பு வாங்கற ஹேண்டோவருக்கு 7.45க்கே நிக்கணும். நைட் ஆளுங்ககிட்ட யார் சாப்பிடல, யாருக்கு எந்த மாத்திரை பாக்கின்னு சொல்லிட்டுக் கிளம்ப 8.15. உழைச்சது பதினொன்றரை மணி. வகுத்தா 11.77தான் வருது. 12.21 கணக்குல பாத்தா ஒரு ஷிப்டுக்குச் சுமார் 5 பவுண்டு 12 பென்ஸ் துண்டு விழுது.

குரோய்டன்_கணக்கர்: ஹேண்டோவர் வேலை நேரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் ஒரு ஷிப்டைப் பார்ப்பதில்லை, சம்பளக் காலம் முழுவதற்கும் சராசரி எடுக்கும்.

ரோட்டா_ரதி: எல்லா ஷிப்டும் இதே லட்சணம்னா சராசரி மட்டும் எப்படி ஏறும்?

லூசியம்_சிவா: பிரேக்கைப் பற்றியும் கதையுங்கோ. ஹோய்ஸ்ட் எண்ட தூக்குற மெஷினில ஆளைத் தூக்க ரெண்டு பேர் வேணும். மாடியில நிக்கிறதே ரெண்டு பேர் எண்டால், ஒராள் பிரேக் எண்டு வெளியில போக ஏலாது. பஸ்ஸர் அடிச்சால் சாப்பாட்டை மூடி வைச்சிட்டு ஓட வேணும். அதையும் சேர்த்தால் பன்னிரண்டரை மணி, மணிக்கு 10.82.

குரோய்டன்_கணக்கர்: அப்படித் தானாகச் சேர்க்க முடியாது. மென்கேப் என்ற தொண்டு நிறுவனத்தின் வழக்கில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? வேலையிடத்திலேயே தூங்கும் ஸ்லீப்-இன் ஷிப்டில் வேலைக்காக விழித்திருக்கும் நேரத்துக்கு மட்டும்தான் குறைந்தபட்சக் கூலி.

லூசியம்_சிவா: அது படுக்கை குடுத்து நித்திரை கொள்ளச் சொன்ன ஆக்களுக்கு. பகல் பிரேக்குக்கு அதை இழுக்காதேங்கோ. சண்டை வரும் எண்டு தெரிஞ்சுதான் எழுதி வைக்கச் சொல்லுறது: திகதி, பிரேக் துவங்கின நேரம், கூப்பிட்ட நேரம், திரும்பி வந்த நேரம். ரெசிடென்டின்ர பேர் வேண்டாம், அறை நம்பர் காணும். ரோட்டா மாறுறதுக்கு முதல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கோ.

குரோய்டன்_கணக்கர்: முதலாளி பக்கமும் கொஞ்சம் பாருங்கள். வாரம் 40 மணி நேர ஆள், குறைந்தபட்சக் கூலி என்று வைத்துக்கொள்வோம். அவருக்காக முதலாளி ஆண்டுக்கு அரசுக்குக் கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸ் 2024-25ல் சுமார் 2,028 பவுண்டு, 2025-26ல் சுமார் 3,060. விகிதம் 13.8லிருந்து 15 சதவீதமாகிவிட்டது, கணக்குத் தொடங்கும் ஆண்டுச் சம்பள வரம்பும் 9,100லிருந்து 5,000க்கு இறங்கிவிட்டது. கவுன்சில் (உள்ளாட்சி) ஹோம்களுக்குக் கொடுக்கும் கட்டணம் அதே வேகத்தில் ஏறுவதில்லை. சொந்தக் காசில் தங்குபவர்களிடம் கூட்டி வாங்கித்தான் பல ஹோம்கள் ஓடுகின்றன.

ரோட்டா_ரதி: நியாயம்தான். 14 பவுண்டு கொடுக்க முடியாததுக்கு அது காரணம். வாங்கின வேலைக்குக் கூலி போடாததுக்கு அது எப்படிக் காரணமாகும்? ஸ்காட்லாந்துல 2025-26ல நேரடி கேரர் வேலைக்கு 12.60ன்னு அரசாங்கமே வெச்சு அதுக்குப் பணமும் ஒதுக்கிச்சு. கேக்க வேண்டிய இடம் அது. கேரரோட அரை மணி நேரத்துல கை வைக்கக் கூடாது.

லூசியம்_சிவா: வீடும் குடுத்து வேலைக்கு எடுக்கிற இடங்களில வாடகையையும் பாருங்கோ. 2025-26 இல குறைந்தபட்சக் கூலிக் கணக்கு ஏத்துக்கொண்ட வாடகை வரம்பு நாளுக்கு 10.66, கிழமைக்கு 74.62. அதுக்கு மேல வாங்கினால், குறைந்தபட்சக் கூலிக் கணக்கில மிச்சம் சம்பளத்தில கழிபடும். அறைக்குக் கிழமைக்கு 100 எண்டால் 25.38 கழியும். கட்டாயம் வாங்கச் சொல்லுற யூனிபோர்ம் காசும் அப்பிடித்தான்.

குரோய்டன்_கணக்கர்: சரி, ஸ்பான்சர் விசாவில் இருப்பவர் இதையெல்லாம் கேட்டால்? முதலாளியின் ஸ்பான்சர் லைசென்ஸ் போனால் புது ஸ்பான்சர் தேட பொதுவாக 60 நாள்தான்.

ரோட்டா_ரதி: அந்தப் பயத்தை வெச்சுத்தான் இந்த அரை மணி நேரமே ஓடுது. முதல்ல பேஸ்லிப்புல மணிக்கணக்கு இருக்கான்னு பாருங்க. மணிக்கு இவ்வளவுன்னு சம்பளம்னா போட்டே ஆகணும். அப்புறம் கூலிப் பதிவேட்டைக் காட்டச் சொல்லி எழுத்துல கேளுங்க, 14 நாளுக்குள்ள காட்டணும். வேலைச் சிக்கல்களுக்கு ஆலோசனை சொல்ற ஏகாஸ் அமைப்போட உதவி எண் 0300 123 1100. அரசாங்கத்துக்குப் புகார் போனா ஆறு வருஷம் பின்னாடி வரைக்கும் தோண்டலாம், பாக்கிக்கு மேல 200 சதவீதம் வரைக்கும் அபராதமும் உண்டு.

குரோய்டன்_கணக்கர்: ஹேண்டோவரைச் சேர்த்துப் போடு என்றால் முதலாளி என்ன செய்வார் தெரியுமா? பிரேக்கை ஒன்றரை மணி நேரமாக்குவார்.

ரோட்டா_ரதி: ஆக்கட்டும். அந்த ஒன்றரை மணி நேரம் மாடியில பஸ்ஸரை யார் பாக்கறதுன்னும் ரோட்டாவுல பேர் போடட்டும்.