புது மருந்துக்கு அரச காசு: எந்த எண்ணுக்குக் கீழ வந்தால் "சரி"?

நல்லூரான்:
மாகாணத்துக்குப் புது மருந்து ஒண்டு எடுக்கிறதுக்கு அறிக்கை எழுத வேணும். இப்ப குடுக்கிறதிலும் பாக்க நாலு மடங்கு செலவு. ஒரு நல்ல வாழ்வாண்டு கூடக் கிடைக்கிறதுக்கான செலவு, நாட்டின்ர தலா வருமானத்தின்ர மூண்டு மடங்குக்குக் கீழ வந்தாச் சரி எண்டு வாசிச்சன். அதைப் போடலாமோ?

கணக்கர்:
முதல் அந்த நாலு மடங்கை விடுங்கோ. கூடுற செலவைக் கூடுற பயனால பிரிக்கிறதுதான் கணக்கு. கற்பனை எண்ணில பாப்பம். பழைய சிகிச்சை 3 இலட்சம். 2 வருச ஆயுள், தரம் 0.5 (முழுச் சுகம் எண்டால் 1), ரெண்டையும் பெருக்கினால் 1 குவாலி (தரம் சேர்த்த வாழ்வாண்டு). புதுசு 12 இலட்சம், 2.5 வருசம், தரம் 0.6, 1.5 குவாலி. 9 இலட்சத்தை 0.5 ஆல பிரிச்சால் ஒரு குவாலிக்கு 18 இலட்சம். சும்மா 12 ஐ 1.5 ஆல பிரிச்சால் 8 இலட்சம் எண்டு வடிவா வரும். விக்கிறவைக்கு அந்த எண்தான் பிடிக்கும், ஆனாப் பிழை.

செலவுக்குள்ள கிளினிக், இரத்தப் பரிசோதனை, பக்கவிளைவால வார்ட்டில கிடக்கிற நாளும் வரவேணும். தரப் புள்ளியை இங்கிலாந்திட்ட இரவல் வாங்காதேங்கோ. ஈக்யூ-5டி எண்ட, சுகத்தின்ர தரத்தை அளக்கிற கேள்வித்தாளுக்கு இலங்கை ஆக்களிட்ட எடுத்த மதிப்பு 2015 இல வெளிவந்திருக்கு.

சுன்னாகத்தார்:
மூண்டு மடங்கு வேண்டாம். உலக சுகாதார நிறுவன ஆக்களே 2016 இல, அதை மட்டும் வச்சு முடிவெடுக்காதேங்கோ எண்டு எழுதிப்போட்டினம். தலா வருமானம் சுகாதாரப் பெட்டிக்குள்ள எவ்வளவு கிடக்கு எண்டு சொல்லாது. தாய்லாந்து தனக்கெண்டு ஒரு குவாலிக்கு 160,000 பாத் எண்டு எல்லை வச்சிருக்கு. எல்லை எல்லாத்தையும் தீர்க்காது எண்டதுக்கும் அந்த நாடுதான் உதாரணம்: டயாலிசிஸ் கணக்கில தேறேல்லை, ஆனாலும் குடும்பங்கள் கடனில தாழாமல் இருக்க 2008 இல இலவசத் திட்டத்துக்குள்ள எடுத்தவை.

நல்லூரான்:
நெடுந்தீவில இருந்து வாற ஆளின்ர வள்ளக் காசு, நாள் கூலி?

கணக்கர்:
வேற நிரலில காட்டுங்கோ. அரசின்ர செலவோட கலந்தால் வாசிக்கிறவருக்கு ரெண்டும் விளங்காது.

மற்றது, 40 பேருக்கு எண்டால் கூடுதல் 3.6 கோடி. எந்தத் தலைப்பில இருந்து எடுக்கிறது எண்டதையும் எழுதுங்கோ, இல்லாட்டி கோப்பு அங்கயே நிண்டிடும். கணக்கைத் திருப்பியும் போடலாம்: குவாலிக்கு 10 இலட்சம்தான் தாங்கும் எண்டால், பழைய செலவு 3 உம், கூடுற பயனுக்கு 0.5×10 உம் சேர்த்து, புது மருந்தின்ர மொத்தச் செலவு 8 இலட்சத்துக்கு மேல போகக்கூடாது. விலை பேசப் போகேக்க அந்த 8 ஐக் கொண்டு போங்கோ.